கடைசி ரீலில் கதாநாயகன் சாகலாமா?

பால்கனி டிக்கெட் | ஞாயிறு, இரவு 9.12

மதியம் வீட்டில் ஒரு சண்டை. தொலைக்காட்சியில் 'தளபதி' போட்டிருந்தார்கள். அப்பா சாய்வு நாற்காலியில், நான் தரையில், பிளஸ் டூ படிக்கும் மகள் செல்பேசியில் ஒரு கண்ணும் படத்தில் ஒரு கண்ணுமாக. கடைசியில் நண்பன் தேவா சாகிறான், ரஜினி நடித்த சூர்யா போய்ப் பழி தீர்க்கிறான், பிறகு பெற்ற தாயோடு இருந்துவிடுகிறான். அப்பா கேட்டார்: "கர்ணன் பிழைத்துக்கொண்டான், துரியோதனன் செத்துப்போனான். இது எந்த ஊர் பாரதம்?" மகள் தலை நிமிராமலே பதில் சொன்னாள்: "ரஜினி செத்தால் யார் தாத்தா பார்ப்பார்கள்?" அவ்வளவுதான். சாயங்காலக் காப்பி வரை ஓயவில்லை.

நான் அப்பா கட்சி. 1991 தீபாவளிக்கு மதுரையில் முதல் நாளே பார்த்தவன்; அப்போது எனக்குப் பதினான்கு வயது. சூர்யா பிழைத்தபோது விசிலடித்தவர்களில் நானும் உண்டு. இப்போது பார்த்தால் உறுத்துகிறது. கூட்ஸ் ரயிலில் விடப்பட்ட குழந்தை, நண்பனுக்குப் பட்ட நன்றிக்கடன், எதிரணியில் நிற்கும் தம்பி, தேடி வரும் தாய் என்று பாரதத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவர்கள், அந்தக் கதை எதை நோக்கிப் போகிறதோ அதை மட்டும் விட்டுவிட்டார்கள். கடைசியில் உயிரையும் கொடுக்காத கர்ணன் என்ன கர்ணன்?

கேள்வி இதுதான். கதாநாயகன் சாவதையும் பிழைப்பதையும் கதை தீர்மானிக்க வேண்டுமா, நடிகரின் மார்க்கெட் தீர்மானிக்க வேண்டுமா? அடிதடி இல்லாமல் பேசுவோம்.


கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10.05

ஒரு விநியோக அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் கணக்கு எழுதியவன். கல்லாப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நாயகன் செத்தால் படம் ஓடாது என்பது சுத்தப் பொய். 'பாசமலர்' அண்ணன், தங்கை இருவரையும் கொன்றுவிட்டுத்தான் ஓடியது. எண்பதுகளின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒருதலை ராகம்', 'பயணங்கள் முடிவதில்லை', 'வாழ்வே மாயம்'. அந்தக் காலத்தில் கதாநாயகனுக்கு இருமல் வந்தால் விநியோகஸ்தருக்குச் சிரிப்பு வரும்.

ஓடாதது எது என்றால், அடிதடிக்கு டிக்கெட் வாங்கியவனிடம் கடைசி ரீலில் அழுகையை விற்பது. எம்.ஜி.ஆர். 1956இல் 'மதுரை வீரன்' படத்தில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதே எம்.ஜி.ஆர். 1962இல் 'பாசம்' படத்திலும் செத்தார். ரசிகர்கள் மனம் ஒப்பவில்லை என்று எங்கள் அலுவலகத்துப் பெரியவர் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன வித்தியாசம்? மதுரை வீரன் சாவான் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரியும். கோயிலில் அவனுக்குச் சுருட்டும் சாராயமும் படைத்துவிட்டு வந்தவர்கள்தானே கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள்.

2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' அதே கணக்குத்தான். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீரில் வீரமரணம் அடைந்தது நாடறிந்த செய்தி. முடிவு தெரிந்தே குடும்பம் குடும்பமாக வந்தார்கள், அழுதார்கள், அடுத்த வாரம் மாமியாரையும் அழைத்துக்கொண்டு வந்தார்கள். சொல்லிவிட்டுக் கொன்றால் ஜனம் கோபித்துக்கொள்வதில்லை ஐயா.


இரண்டாம் ஆட்டம் | ஞாயிறு, இரவு 10.31

எனக்கு 23 வயது. பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். எங்கள் தலைமுறைக்குத் திரையில் யார் செத்தாலும் நம்பிக்கை வருவதில்லை. பிணத்தைக் காட்டவில்லை என்றால் அடுத்த பாகம் இருக்கிறது என்று அர்த்தம். பிணத்தைக் காட்டினால் இரட்டைப் பிறவி இருக்கிறது என்று அர்த்தம். எரித்துச் சாம்பலைக் கரைத்தாலும் முன்கதை என்று ஒன்று எடுப்பார்கள். அழுவதற்கு முன்னால் பெயர்ப்பட்டியல் முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது.


தேன்சிட்டு | ஞாயிறு, இரவு 10.48

தம்பி, இது உங்கள் தலைமுறையில் தொடங்கியதல்ல. 'இந்தியன்' 1996. விமான நிலையத்தில் வெடித்துச் சிதறினார் என்று நினைத்தோம், தாத்தா வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசினார். 'சிவாஜி' 2007. மின்சாரம் பாய்ந்து செத்தவரை மருத்துவ நண்பர் எழுப்பி உட்கார வைத்தார், அவர் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். நான் பார்த்த அரங்கில் அந்தச் சில நிமிடங்களில் ஒருவர்கூடக் கலங்கவில்லை. கையிலிருந்த பாப்கார்ன் வாய்க்குப் போய்க்கொண்டேதான் இருந்தது.


பால்கனி டிக்கெட் | ஞாயிறு, இரவு 11.02

அக்கா சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இரட்டை வேடம். பெரிய நடிகர் சாகவும் வேண்டும், சாகவும் கூடாது என்றால் அப்பாவைக் கொன்றுவிட்டு மகனை விட்டுவிடுவார்கள். 'மூன்று முகம்' படத்தில் அலெக்ஸ் பாண்டியன் செத்தான். பழிவாங்க மகன் இருந்தான். 'அபூர்வ சகோதரர்கள்', 'மெர்சல்', 'பிகில்' எல்லாமே அந்தப் பாதைதான். ரசிகன் அழுது முடித்துக் கண்ணைத் துடைப்பதற்குள் அதே முகம் மீசையை மாற்றிக்கொண்டு வந்து நிற்கும். இழவு வீட்டிலேயே காதுகுத்தும் நடத்துகிற மாதிரி.


முத்துநகர் | திங்கள், காலை 6.20

எங்கள் ஊர்ப் பக்கம் வந்து கட்டபொம்மனைப் பிழைக்க வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். கயத்தாற்றில் 1799இல் தூக்கில் போட்டார்கள், 1959இல் சிவாஜி திரையிலும் தொங்கினார். சிவாஜி எத்தனை முறை செத்திருக்கிறார்! கர்ணனாக, கட்டபொம்மனாக, பிரெஸ்டீஜ் பத்மநாபனாக. எம்.ஜி.ஆருக்கோ திரையில் சாவு ஒத்துவரவில்லை. நிஜத்தில்கூட 1967 ஜனவரியில் கழுத்தில் குண்டு பாய்ந்தும் பிழைத்து, ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். கழுத்துக் கட்டோடு இருக்கிற அந்தச் சுவரொட்டியை எங்கள் தாத்தா கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். திரையில் சாகாதவன் தரையிலும் சாக மாட்டான் என்று ஊர் நம்பிவிட்டது. சிவாஜியை அழ வைக்க வைத்துக்கொண்டார்கள், எம்.ஜி.ஆரை ஆள வைக்க வைத்துக்கொண்டார்கள்.


மட்டுறுத்துநர் | திங்கள், காலை 9.15

மேலேயுள்ள பதிவுக்கு வந்த பதினொரு மறுமொழிகளை நீக்கியிருக்கிறேன். சிவாஜியா எம்.ஜி.ஆரா என்பதற்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது; ஏழு வருடமாக ஓடுகிறது. அங்கே போய்க் கட்டிப்புரளுங்கள். இங்கே தலைப்பை விட்டு நகர வேண்டாம்.


செய்யாற்றுக்காரன் | திங்கள், மதியம் 1.40

பால்கனி அண்ணனின் அப்பாவுக்கு என் வணக்கம். அவர் கேட்ட கேள்வியை என் தாத்தாவும் கேட்டிருப்பார், இருந்திருந்தால்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் கருமாதிக்கு முந்தின இரவு கூத்து வைப்பது வழக்கம். என்ன கூத்து என்று யாரும் கேட்க மாட்டார்கள். 'கர்ண மோட்சம்'தான். தாத்தாவுக்கும் வைத்தோம். எனக்கு அப்போது பதினொரு வயது. இரவு பத்து மணிக்கு மேல் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து சிரிக்க வைத்தான். நடுச்சாமத்தில் கர்ணன் போருக்குக் கிளம்புகிறான், மனைவி பொன்னுருவி வழிமறிக்கிறாள். அந்தத் தர்க்கம் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. பாட்டி முன்வரிசையில் கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தாள். தாத்தா இறந்த அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அவள். "போகாதே" என்று பொன்னுருவி பாடினபோது பாட்டியும் கூடவே முணுமுணுத்தாள். விடியும் நேரத்தில் கர்ணன் விழுந்தான். கிருஷ்ணன் கிழவனாக வந்து புண்ணியத்தைத் தாரை வார்த்து வாங்கிக்கொண்டான். அப்போதுதான் பாட்டி வாய்விட்டு அழுதாள். வேடம் கட்டியவர் சாயம் வழிய எழுந்து வந்து பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அழு ஆத்தா" என்று சொன்னார்.

பதினேழாம் நாள் போரில் கர்ணன் பிழைத்திருந்தால் என் பாட்டி எங்கே போய் அழுதிருப்பாள்? எனவே 'தளபதி' முடிவில் எனக்கும் வருத்தம்தான். நல்ல படம். ஆனால் அதைக் கருமாதி வீட்டில் போட முடியாது.


வடக்குமாசி | திங்கள், மதியம் 2.25

செய்யாற்றுக்காரர் எழுதியதைப் படித்ததும் வேலை ஓடவில்லை. ஒரு சின்னச் செய்தி மட்டும். வடமொழி நாடக இலக்கணம் நாயகனின் சாவை மேடையில் காட்டக் கூடாது என்று விலக்கியது. பாசன் 'ஊருபங்க'த்தில் துரியோதனனை மேடையிலேயே சாக விட்டு அதை மீறினான். நம் தொல்காப்பியம் அழுகை பிறக்கும் இடங்களாக இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (இருந்த நிலையிலிருந்து தாழ்தல்), வறுமை என்று நான்கைச் சொல்கிறது. இழவு அதில் ஒன்றுதான். நம் இயக்குநர்கள் மற்ற மூன்றையும் மறந்துவிட்டார்கள். 'மூன்றாம் பிறை'யில் யாரும் சாகவில்லை. ரயில் நிலையத்தில் மழையில் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறவனைப் பார்த்து நாம் அழுதது இளிவுக்காக. அவன் செத்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.


தேன்சிட்டு | திங்கள், மாலை 4.10

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை பதிவுகள் வந்துவிட்டன. 'கதாநாயகன் சாகலாமா' என்று பதறுகிறீர்களே, கதாநாயகி சாகலாமா என்று ஒருவராவது இழை தொடங்கியதுண்டா? அவள் சாவதுதான் இயல்பு என்று ஆகிவிட்டது. 'சேது'வில் அவள் செத்தாள், 'காக்க காக்க'வில் அவள் செத்தாள், 'வேட்டையாடு விளையாடு'வில் முதல் மனைவி செத்தாள், 'வாரணம் ஆயிரம்' படத்தில் காதலி செத்தாள். நாயகனுக்குத் தாடி வளர வேண்டும் என்றால் ஒரு பெண் சாக வேண்டும். அவள் சாவுக்கு இடைவேளைக்கு முன்னால் பத்து நிமிடம், அவன் தாடிக்கு இடைவேளைக்குப் பின்னால் ஒரு மணி நேரம்.

'பருத்திவீரன்' முடிவைப் பற்றி நண்பர்கள் பேசும்போதெல்லாம் வீரன் எப்படிச் செத்தான் என்பதைத்தான் பேசுகிறார்கள். முத்தழகு எப்படிச் செத்தாள் என்பதைப் பேச முடியாது. அந்தக் காட்சியை நான் ஒருமுறைதான் பார்த்தேன், இனி பார்க்க மாட்டேன்.

இளங்கோ இதைத் திருப்பிப் போட்டவர். சிலப்பதிகாரத்தில் முப்பது காதை. பதினாறாவது கொலைக்களக் காதை. சரியாக நடுவில் கோவலனைக் கொன்றுவிட்டு மிச்சக் கதையைக் கண்ணகியின் கையில் கொடுத்தார். நாயகன் செத்தால் கதை படுத்துவிடும் என்று பயப்படும் தயாரிப்பாளர் யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை | திங்கள், மாலை 4.32

சொல்லலாம் அம்மா. "கண்ணகிக்கு யார் கால்ஷீட் வாங்குவது, ஓப்பனிங் எவ்வளவு வரும்" என்று கேட்பார்.


கிள்ளான் வாசகி | திங்கள், இரவு 8.55

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

2016 ஜூலையில் 'கபாலி' வந்தது. எங்கள் ஊரில் எடுத்த படம், எங்கள் கதை, ரஜினி எங்கள் தெருவில் நடக்கிறார். விடுமுறை போட்டுக்கொண்டு மூன்று காரில் பதினான்கு பேர் போனோம். கடைசியில் கொண்டாட்டத்துக்கு நடுவில் ஒருவன் நெருங்கி வருகிறான், திரை கறுக்கிறது, ஒரு துப்பாக்கிச் சத்தம். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. உடனே எங்கள் திரையில் மட்டும் ஓர் எழுத்து வந்தது: கபாலி காவல்துறையிடம் சரணடைந்துவிட்டார் என்று. பெரிய மாமா சத்தமாகவே கேட்டார்: "எப்போதுடா சரணடைந்தார்? நான் கண் சிமிட்டவே இல்லையே!"

அன்று இரவே சென்னையிலிருந்து சித்தி மகன் அழைத்தான். "அக்கா, தலைவர் செத்தாரா இல்லையா? இங்கே ஒரே சண்டை." நான் சொன்னேன்: "இங்கே ஸ்டேஷனில் இருக்கிறார் தம்பி." அவன் போனை வைத்துவிட்டான்.

குற்றம் செய்தவன் சட்டத்துக்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது என்பதால் அந்த எழுத்தைப் போட்டார்கள் என்று இங்கே பேசிக்கொண்டோம். வேடிக்கை என்னவென்றால், உங்கள் நாட்டு ரசிகர்கள் அவர் சாகக் கூடாது என்றார்கள், எங்கள் நாட்டில் அவர் தப்பிக்கக் கூடாது என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் படம் எடுத்தவர் கேட்ட கேள்வி காணாமல் போய்விட்டது. தோட்டத்தில் பிறந்து அடியாளாக வளர்ந்த பையன்களின் சாவு எங்களுக்குப் புதிதல்ல. அந்தக் கறுப்புத் திரையை அப்படியே விட்டிருந்தால் மாமாகூட வாயைத் திறந்திருக்க மாட்டார்.


இரண்டாம் ஆட்டம் | திங்கள், இரவு 9.20

மலையாளத்தில் 'ஹரிகிருஷ்ணன்ஸ்' என்று ஒரு படம், 1998. மோகன்லாலும் மம்முட்டியும். கதாநாயகி யாருக்குக் கிடைக்கிறாள் என்பதில் இரண்டு முடிவு எடுத்து, ஒரு பக்கம் ஒன்று, இன்னொரு பக்கம் மற்றொன்று என்று ஓட்டினார்கள். உங்கள் கபாலிக்கு முன்னோடி, அக்கா.


வடக்குமாசி | திங்கள், இரவு 9.44

இந்தி 'ஷோலே'வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1975, நெருக்கடி நிலைக் காலம். கைகளை இழந்த தாகூர், கொள்ளைக்காரன் கப்பரைத் தன் காலாலேயே மிதித்துக் கொல்வதாகத்தான் முதலில் எடுத்தார்கள். தணிக்கை ஒப்பவில்லை, காவல்துறை வந்து தடுப்பதாக மாற்றினார்கள். இன்னொன்றும் நடந்தது. முதல் வார இறுதியில் கூட்டம் மந்தமாகத் தெரிந்ததும், இரண்டு நாயகர்களில் ஒருவனான ஜெய் சாவதால்தான் இந்த நிலையோ என்று பயந்து, அவனைப் பிழைக்க வைத்து மறுபடி எடுத்துவிடலாமா என்று படக்குழு உட்கார்ந்து பேசியது. திங்கட்கிழமை வரை பார்ப்போம் என்று தள்ளிப்போட்டார்கள். அந்தத் தள்ளிப்போட்ட நாள்தான் ஜெய்யைச் சாக விட்டது. அவன் பிழைத்து வீட்டுக்குப் போயிருந்தால் அந்த மவுத் ஆர்கன் இசை இன்று யாருக்கு நினைவிருக்கும்?


முத்துநகர் | திங்கள், இரவு 10.10

'நாயகன்' பற்றி யாரும் பேசவில்லையே. வேலு நாயக்கரைக் கடைசியில் போலீஸ் சுட்டுக் கொல்வதுதான் தமிழின் மிகச் சிறந்த சாவு.


தேன்சிட்டு | திங்கள், இரவு 10.14

போலீஸ் சுடுவதில்லை. வேலு கொன்ற போலீஸ்காரரின் மகன் சுடுகிறான். மனநிலை சரியில்லாதவன், வேலுவே வளர்த்த பிள்ளை. நீதிமன்றம் விடுதலை செய்து வெளியே வருகிறவனை, போலீஸ் சீருடையில் வந்து சுடுகிறான். அதற்குச் சற்று முன்னால்தான் பேரன் கேட்கிறான், தாத்தா நல்லவரா கெட்டவரா என்று. தெரியவில்லை என்று பதில். பதில் தெரியாதவனை யார் கொல்ல முடியும்? சட்டத்தால் முடியவில்லை, கணக்குத் தீராத ஒரு பிள்ளையால்தான் முடிந்தது.


முத்துநகர் | திங்கள், இரவு 10.19

சீருடைதான் என் நினைவில் இருந்திருக்கிறது. திருத்தியதற்கு நன்றி அக்கா. நாளை இன்னொரு முறை பார்க்கிறேன்.


நடுகல் | செவ்வாய், காலை 7.30

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கணக்குப்பிள்ளை ஐயா 'மதுரை வீரன்' பற்றிச் சொன்னதிலிருந்து ஒரு நூல் பிடித்துப் போகிறேன்.

நம் ஊர்ச் சாமிகளில் பாதிப் பேர் கொலையுண்டவர்கள். மதுரை வீரன் சக்கிலியர் வீட்டில் வளர்ந்து பாளையக்காரர் மகள் பொம்மியைக் கூட்டிப்போனவன். மாறுகால் மாறுகை வாங்கினார்கள். காத்தவராயன் ஆரியமாலாவை விரும்பினான், கழுமரம் ஏற்றினார்கள். முத்துப்பட்டன் பிராமணன், பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சக்கிலியப் பெண்களைக் கட்டிக்கொண்டான். மாடு காக்கும்போது கொல்லப்பட்டான். வில்லுப்பாட்டில் இன்றும் அவன் கதையைப் பாடுகிறார்கள், பாபநாசம் மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்குச் செருப்புப் படைக்கிறார்கள். மதுரை வீரனுக்கு மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தருகே சன்னதி இருக்கிறது. உயிரோடு இருந்தபோது இடம் தராதவர்கள் செத்த பிறகு வாசலில் இடம் கொடுத்தார்கள்.

பால்கனி அண்ணனுக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. செத்தவன்தான் நம் ஊரில் சாமியானான். பெரிய நடிகருக்குப் பால் குடம் எடுக்கிறார்கள், கட் அவுட்டுக்குத் தேங்காய் உடைக்கிறார்கள். சாவினால் கிடைக்க வேண்டியது அவருக்கு முதல் நாள் முதல் காட்சியிலேயே கிடைத்துவிட்டது. பிறகு அவர் எதற்குச் சாக வேண்டும்? கதாசிரியர் தலைகீழாக நின்றாலும் அந்தச் சாவு ஒட்டாது. புதுமுகம் சாகும்போது ஒட்டுகிறது. 'பருத்திவீரன்' கார்த்திக்கு முதல் படம். 'சுப்ரமணியபுரம்' அழகரும் பரமனும் செத்தபோது அந்த முகங்களுக்குப் பால் ஊற்ற யாரும் இல்லை. அதனால்தான் வலித்தது.

மீதிப் பாதி இதற்கு எதிரானது. கர்ணன் சாக வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் உருகுகிறீர்கள். எனக்கு அதில் பயம் இருக்கிறது. சாதி மாறிக் காதலித்தவன் படத்தின் முடிவில் சாவதை எத்தனை வருடமாகப் பார்த்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறோம்? அழுது முடித்தால் கடன் தீர்ந்ததாகிவிடுகிறது. கொன்றவர்களும் கூடவே உட்கார்ந்து அழுதார்கள். முந்தின காலத்தில் கொன்றவர்களே பொங்கல் வைத்த மாதிரி.

2018இல் 'பரியேறும் பெருமாள்' வந்தபோது நான் திருநெல்வேலியில் பார்த்தேன். பரியன் தண்டவாளத்தில் கிடக்கும்போது பக்கத்து இருக்கைக்காரர் மெதுவாகச் சொன்னார், "முடித்துவிட்டார்கள்." அவர் குரலில் வியப்பே இல்லை. எத்தனை படம், எத்தனை செய்தித்தாள் பார்த்த குரல் அது. ஆனால் பரியன் எழுந்துவிட்டான். எழுந்து, அவனோடு படித்த பெண்ணின் அப்பா எதிரில் நின்று பேசினான். கடைசியில் இரண்டு டீ கிளாஸ். பக்கத்து இருக்கைக்காரர் விளக்கு போட்ட பிறகும் எழவில்லை. அவன் செத்திருந்தால் அவர் எழுந்து போயிருப்பார், எனக்குத் தெரியும்.


செய்யாற்றுக்காரன் | செவ்வாய், காலை 8.05

நடுகல் அண்ணா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், என் பாட்டி கடன் தீர்க்க அழவில்லை.


நடுகல் | செவ்வாய், காலை 8.11

தெரியும் தம்பி. பாட்டியைச் சொல்லவில்லை. அந்தக் கூத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நான் சொன்னது கொட்டகைக்காரர்களை.


பால்கனி டிக்கெட் | செவ்வாய், மதியம் 1.15

அப்பாவிடம் மேலேயுள்ள எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்படியானால் சூர்யா யார்?" என்று கேட்டார். "யார் என்றால்?" "குப்பத்தில் வளர்ந்தவன், தாய் தகப்பன் தெரியாதவன். கலெக்டர் தம்பிக்காக அவன் செத்தால்தான் உனக்குத் திருப்தியா?" நான் வாயடைத்துப்போனேன். ஞாயிற்றுக்கிழமை இந்தச் சண்டையைத் தொடங்கியவரே அவர்தான்! மகள் இந்த முறை செல்பேசியிலிருந்து தலையை நிமிர்த்திச் சிரித்தாள்.

நான் முழுக்க மாறிவிடவில்லை. 1991இல் அவனைப் பிழைக்க வைத்தது இந்த நினைப்பில் அல்ல, மார்க்கெட் நினைப்பில்தான் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் தவறான காரணத்துக்காகச் சரியான ஆள் பிழைத்திருக்கலாம்.


இரண்டாம் ஆட்டம் | செவ்வாய், மதியம் 1.40

தாத்தாவை இங்கே உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.


பழைய ஆபரேட்டர் | செவ்வாய், இரவு 11.50

எல்லோரும் பெரிய பெரிய விஷயம் எழுதுகிறீர்கள். நான் கேபினுக்குள்ளேயே இருந்து படம் பார்த்தவன். எனக்குத் தெரிந்தது ரீல்தான். ஆயிரம் அடி ஒரு ரீல், பதினொரு நிமிடம் சொச்சம்.

எண்பத்திரண்டின் கடைசி அல்லது எண்பத்து மூன்றின் தொடக்கம். ஒரு டூரிங் கொட்டகையில் வேலை. பெயர் வேண்டாம், முதலாளியின் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாலு மைல் தள்ளி இன்னொரு கொட்டகை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட். அவர்கள் ஒரு ரீலை ஓட்டி முடித்ததும் பையன் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்களிடம் வருவான். எங்கள் காட்சி அரை மணி தாமதமாகத் தொடங்கும், அவ்வளவுதான். இப்படிப் பல படம் ஓட்டியிருக்கிறோம்.

அன்று 'வாழ்வே மாயம்'. தரை டிக்கெட் நிரம்பி வழிந்தது. கடைசிக்கு முந்தின ரீல் ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலைப் பார்த்தேன், பையன் வரவில்லை. ரீல் முடிந்தது, வெள்ளைத் திரை. விளக்கைப் போட்டேன். பாட்டு போட்டேன். பத்து நிமிடம், இருபது நிமிடம். பெண்கள் பக்கத்தில் குழந்தைகள் அழத் தொடங்கின. முதலாளி மேலே ஏறி வந்து, "வணக்கம் சிலைடைப் போடு" என்றார். "கமல் இன்னும் சாகவில்லை முதலாளி" என்றேன். "சாகாவிட்டால் நல்லதுதானே, போடு" என்றார். போட்டேன்.

பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பேர் விவரம் தெரிந்தவர்கள், டிக்கெட் கவுண்டரில் கூச்சல் போட்டுக்கொண்டு நின்றார்கள். நாற்பது நிமிடம் கழித்துப் பையன் வந்தான். கண்மாய்க்கரையில் பஞ்சர், தலையில் பெட்டியை வைத்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறான். மறுபடி விளக்கை அணைத்து ஓட்டினேன். நின்றவர்கள் அழுதுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் டீக்கடையில் ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. செத்தான் என்று ஒரு கட்சி, வைத்தியம் பார்த்துப் பிழைத்துக்கொண்டான் என்று ஒரு கட்சி. கை நீட்டுகிற வரைக்கும் போனது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீ எதுவும் சொல்லாதே, இன்னும் நாலு நாள் ஓடும்" என்றார். ஆறு நாள் ஓடியது.

பிழைத்துக்கொண்டான் கட்சியில் சலூன் வைத்திருந்த ஒருவர் இருந்தார். கொட்டகை போய் அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது, அவர் கடை மட்டும் இருக்கிறது. இப்போது அவர் மகன்தான் வெட்டுகிறான், அவர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் முடிவெட்டப் போனேன். தொலைக்காட்சியில் அந்தப் படத்துப் பாட்டு ஒன்று வந்தது. "நல்ல படம். எப்படியோ பிழைத்துக்கொண்டான் பாவம்" என்றார்.

நாற்பது வருடமாகத் தொலைக்காட்சியில் எத்தனை முறை போட்டிருப்பார்கள், முழுசாக ஒரு முறைகூடப் பார்க்கவில்லையா என்று கேட்க வாய் வந்தது. கழுத்தில் கத்தி இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.